ஆராய்ச்சி மணியும் அரசாங்கப் படிவமும்

மனு என்றொரு சொல். ஏட்டைத் தொட்டறியாதவரும் அறிந்த சொல். திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலில் நீண்டு நிற்கும் வரிசையின் கையிலே அது தாள்; கண்ணிலே அது நீர்; அலுவலக அலமாரியிலே அது கட்டு! காவியத்துக்குத் திறனாய்வு உண்டு, கதைக்கு உண்டு, நாடகத்துக்கு உண்டு. நாட்டு மக்களிலே மிகப் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் எழுதுகிற, அல்லது எழுதச் சொல்லிக் கைநாட்டு வைக்கிற, ஒரே இலக்கியமான இந்த மனுவுக்கு மட்டும் திறனாய்வாளர் இல்லை. அக்குறையைச் சிறிது போக்க எண்ணுகிறோம்.

மனு என்றதும் புலவர் பெருமக்கள் நமக்குக் காட்டுவது மனுநீதிச் சோழனை. அதிகாரிகள் ஊருக்கு வந்து மனு வாங்கும் நிகழ்ச்சிக்கு ‘மனுநீதி நாள்’ என்றே பெயர். பெயரிலேயே புராணம்! ஆராய்ச்சி மணி, அதனைக் கொம்பால் அசைத்த பசு, தேர்க்காலில் மாண்ட கன்று, மகனையே தேர்க்காலிலிட்ட மன்னன். பெரியபுராணம் விரித்துரைக்கிறது, சிலப்பதிகாரமும் சுட்டிச் செல்கிறது. கேட்டுக் கேட்டுக் கண்கலங்கியது போதும். இனிக் கேள்வி கேட்போம்.

கதையில் நாம் மதிக்கும் பகுதி ஒன்று உண்டு. பசு வந்தது, மணி ஒலித்தது, மன்னன் வந்தான். ‘கன்றின் பிறப்புச் சான்று எங்கே? இரண்டு நகல் எங்கே? கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பம் எங்கே?’ என்று எவரும் அந்தப் பசுவைக் கேட்கவில்லை. முறையிடுவோரின் சுமை அங்கே ஒரே ஓர் அசைவு. விசாரிக்கும் சுமை முழுவதும் அரசனுடையது. இது நல்ல நெறி, ஒப்புகிறோம்.

ஆனால் மணி எத்தனை? ஒன்று. எங்கே? தலைநகரில், அரண்மனை வாயிலில். திருவாரூர்ப் பசுவுக்கு அது எட்டியது. செஞ்சிச் சீமையின் அனந்தபுரத்துப் பசு என்ன செய்யும்? அதன் குரல் எந்த மணியை அசைக்கும்? மணியடித்தவரின் துயரம் மன்னனுக்குத் தெரியும். மணிவரைக்கும் வர முடியாதவரின் துயரம் தெரியாது. இது கதையின் முதற்குறை. நீதி அங்கே உரிமையாக இல்லை, அரசனின் உள்ளத்து இரக்கமாக இருக்கிறது. இது இரண்டாங்குறை. இரக்கமுள்ளவன் போய் இறுக்கமுள்ளவன் வந்தால் மணி வெறும் வெண்கலம்!

கண்ணகியைப் பாருங்கள். அவளும் மனுதாரர்தான். பாண்டியன் வாயிலில் நின்றாள். வாயிலோன் அவள் சொல்லை மன்னனிடம் கொண்டு சென்றான். அவையில் கேள்வி ஒன்று: சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா? சான்றும் ஒன்று: அந்தச் சிலம்பு. உடைத்தாள், உண்மை தெறித்தது. தேவையான ஒன்றை மட்டும் கேட்டால் வழக்கு எவ்வளவு விரைவில் தெளிகிறது என்பதற்கு இதனினும் சிறந்த காட்சி தமிழில் இல்லை. ஆயினும் அந்தக் கேள்வி கோவலன் வெட்டுண்ட பிறகல்லவா கேட்கப்பட்டது! காலங்கடந்த கேள்வி அறிவைத் தரலாம், ஆளைத் தராது.

‘எமது முன்னோர் குடவோலையிட்டு மக்கள் கருத்தறிந்தவர்’ என்று மார்தட்டுவோர் உண்டு. உத்தரமேரூர்க் கல்வெட்டு உண்மைதான்; முதலாம் பராந்தகன் காலத்தது, பத்தாம் நூற்றாண்டினது. பெருமைப்படலாம். பெருமைப்படுமுன் அக்கல்லை முழுவதும் படிக்க வேண்டும். ஓலையில் பெயர் எழுதப்பெற வேண்டியவனுக்குக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அது சதுர்வேதிமங்கலம்! உழுதவன் பெயர் எந்தக் குடத்தில் விழுந்தது? நெய்தவன் பெயர்? பெண்ணின் பெயர்? குடம் இருந்தது, ஓலை இருந்தது, முறை இருந்தது. மக்களிலே பெரும்பாலோர் இல்லை. கருத்துக் கேட்கும் முறை எதுவாயினும் நாம் முதலில் எழுப்ப வேண்டிய வினா இதுதான்: எவரைக் கேட்டீர்கள்? எவரைக் கேளாமல் விட்டீர்கள்?

அண்மை வரலாற்றுக்கு வருவோம். 1852இல் சென்னைச் சுதேச சங்கத்தைத் தோற்றுவித்த காசுலு லட்சுமிநரசு செட்டி, வரிவசூலின் பெயரால் நடந்த கொடுமைகளை இலண்டன் நாடாளுமன்றத்தின் செவிக்கு எட்டச் செய்தார். 1854இல் சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் அறிக்கை தந்தது. மூன்றே மாதத்தில் குழுவிடம் குவிந்த முறையீடுகள் இரண்டாயிரத்தை ஒட்டியவை. நேரில் வந்தும் சொன்னார்கள், கடிதத்திலும் எழுதினார்கள். ஊமைச் சனங்கள் என்று எண்ணப்பட்டவர்கள், கேட்க ஒருவர் உண்டு என்றதும் வாய்திறந்தார்கள். கேட்டவர்களோ கொடுமை உண்மை என்று ஒப்பி, பழியைக் கீழ்நிலைச் சுதேச ஊழியர் தலையில் வைத்து, வெள்ளை அதிகாரிகளை விடுவித்தார்கள். கேட்பது ஒன்று, கேட்டதற்குப் பொறுப்பேற்பது வேறொன்று என்பதை அன்றே கண்டோம்.

இன்றைய மனுவின் நடையை இனி ஆராய்வோம். ‘சமூகம்’ என்று தொடங்குகிறது. ‘தாழ்மையுடன் சமர்ப்பிக்கும்’ என்று குனிகிறது. ‘கருணை கூர்ந்து’ என்று கைகட்டுகிறது. ‘தங்கள் உண்மையுள்ள’ என்று தரையில் விழுந்து முடிகிறது. இடையிலே எங்கோ ஒரு வரியில், தெருக்குழாயில் நீர் வரவில்லை என்னும் செய்தி! வரி கொடுப்பவன், வாக்களித்து ஆட்சியை அமர்த்துபவன், தன் குழாயில் நீர் கேட்பதற்கு ஏன் கருணை கேட்க வேண்டும்? முடியாட்சிக்காக எழுதப்பட்ட வாசகம் குடியாட்சியிலும் தொடர்கிறது. மன்னன் போனான், மண்டியிட்ட நடை போகவில்லை.

நடை இது, சுமையோ இதனினும் பெரிது. அனந்தபுரத்தில் ஒரு மூதாட்டி முதியோர் உதவித்தொகை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடும்ப அட்டை அரசு தந்தது. ஆதார் அட்டை அரசு தந்தது. வாக்காளர் அட்டையும் அரசு தந்ததே. அரசு தந்த தாள்களை நகலெடுத்து அரசிடமே கொடுத்து, அரசு அறிந்த வயதை அரசுக்கே மெய்ப்பிக்க வேண்டும்! நகலுக்குக் காசு, மனு எழுதுபவருக்குக் காசு, செஞ்சிக்குப் பேருந்துக் காசு. அங்கே முடியாவிட்டால் செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்து விழுப்புரம். உடன்வரும் மகனுக்கு ஒருநாள் கூலி இழப்பு. அரசின் கணக்கேட்டில் இந்தச் செலவுக்கு வரியே இல்லை. ஏழையின் நேரம் இலவசம் என்று எண்ணும் ஆட்சியே இத்தகைய படிவத்தை எழுத முடியும்.

செஞ்சிக் கோட்டையை அறிவோம். மூன்று குன்று, சுற்றிலும் மதில், இராசகிரியின் உச்சியை எட்டுமுன் ஆழ்ந்த பிளவு, அதன்மேல் ஒரு பாலம். 1690இல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு 1698இல்தான் கோட்டை பணிந்தது. 2025 ஜூலையில் யுனெசுகோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது, மகிழ்கிறோம். பகைவனைத் தடுக்க மதில் கட்டுவது போர்முறை. குடிமகனைத் தடுக்கவும் தாளால் மதில் கட்டலாமா? படைக்கு எட்டாண்டு, பட்டா மாற்றத்துக்கு எத்தனை ஆண்டு?

குறை தீர்க்க எந்த முயற்சியும் நடைபெறவில்லை என்று சொல்ல நமக்கு மனம் வராது, உண்மையும் அதுவன்று. 2025 ஜூலை 15ஆம் நாள் சிதம்பரத்தில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ திட்டத்தில் 10,000 முகாம்கள் அறிவிக்கப்பட்டன. நகர்ப்புறத்தில் 13 துறைகளின் 43 சேவைகள், ஊர்ப்புறத்தில் 15 துறைகளின் 46 சேவைகள், 45 நாளில் தீர்வு என்பது அறிவிப்பு. மக்கள் அலுவலகத்தைத் தேடி அலைவதற்கு மாற்றாக அலுவலகம் மக்களைத் தேடி வருவது மணியை ஊர்தோறும் கட்டும் முயற்சி. பாராட்டுகிறோம். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, சிவகங்கை மாவட்டத் திருப்புவனத்தில் வைகையாற்றில் முகாம் மனுக்கள் மிதந்த செய்தியும் வந்தது. விளக்கம் வந்தது, விசாரணை வந்தது. வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறியது என்று பக்தர்கள் சொல்வார்கள். ஏழையின் ஏட்டுக்கு அந்த அற்புதமும் வாய்க்கவில்லை, ஒழுகும் நீரோடு ஒழுகியது! பெற்ற மனுக்களின் எண்ணிக்கை பெருமையாகாது; தீர்ந்த துயரின் எண்ணிக்கையே பெருமை. ‘முடிக்கப்பட்டது’ என்று அலுவலகம் எழுதுவதும், ‘முடிந்தது’ என்று மனுதாரர் சொல்வதும் ஒன்றாகும் நாளே நன்னாள்.

இதிலே உயிரும் அடங்கியிருக்கிறது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தும் பயன் காணாத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்தது. கணவர், மனைவி, இரு குழந்தைகள், நால்வரும் மாண்டனர். அதன்பின் ஆட்சியர் அலுவலக வாயில்களில் மண்ணெண்ணெய் கொண்டு வருகிறார்களா என்று பைகளைச் சோதிப்பது வழக்கமாயிற்று. பையைச் சோதித்தார்கள். பழைய மனுக்களின் கட்டைச் சோதித்தார்களா? ஆறாம் மனுவோடு வருபவரிடம் முதல் ஐந்தும் எங்கே போயின என்று கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருக்க வேண்டாமா?

குறை கேட்பது ஒருவகை; கருத்துக் கேட்பது மற்றொரு வகை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை 2020இல் ஒன்றிய அரசு வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்டது. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! தன் வயலருகே எழப்போகும் ஆலையைப் பற்றிச் செஞ்சி உழவர் கருத்துரைக்க வேண்டும். எதைப் பற்றி என்பதை மட்டும் அவர் அறியலாகாது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக என்று 2020 ஜூன் 30இல் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. புரியாத மொழியில் கேட்கப்படும் கேள்வியைவிடப் பெரிய தாள்சுமை வேறில்லை. அது ஒரு தாளாயினும் மலை!

பிறநாடு ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் தாள்வேலைக் குறைப்புச் சட்டம் 1980இல் பிறந்தது. 1995இல் திருத்தி எழுதப்பட்டது. பத்து பேரிடமோ அதற்கு மேற்பட்டவரிடமோ ஒரே வினாக்களைக் கேட்க விரும்பும் ஒன்றிய அரசுத் துறை, பொதுவாக முதலில் 60 நாள், பிறகு 30 நாள் அறிவிப்பு வெளியிட்டு, அந்தக் கேள்விகளைப் பற்றியே மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். மேல் அலுவலகத்தின் இசைவு எண்ணையும் பெற வேண்டும். நிரப்புவதற்கு ஆகும் நேரம் இவ்வளவு என்று படிவத்திலேயே அச்சிடுகிறார்கள். செல்லத்தக்க எண் இல்லாத படிவத்தை நிரப்பாதவரைத் தண்டிக்க முடியாது. குடிமகனின் நிமிடமும் பொதுப்பணத்தைப் போலக் கணக்கிடத்தக்கது என்னும் கருத்து நமக்குப் பிடிக்கிறது.

அங்கும் ஒரு சிக்கல் எழுந்தது. சேவை எப்படி என்று நாலு கேள்வி கேட்பதற்கும் அத்தனை மாதமா? அதற்கென விரைவு வழி வகுத்தார்கள்: விரும்பினால் விடையளிக்கலாம், சுமை சிறிதாயிருக்க வேண்டும். அதற்கு ஓர் எல்லையும் வைத்தார்கள்: அப்படித் திரட்டிய கருத்தைப் பெரிய கொள்கை முடிவுக்குப் புள்ளிவிவரமாகக் காட்டலாகாது. இந்த எல்லை அறிவுடைய எல்லை. அலுவலக வாயிலில் ‘நிறைவா?’ என்று கேட்டுப் பெறும் நூறு தலையசைப்பு, வாயிலுக்கே வர முடியாத ஆயிரவரின் தீர்ப்பாகுமா? தாளைக் குறைப்பதாகச் சொல்லிக் கேள்வியையே குறைத்துவிடும் தந்திரத்துக்கும் இடந்தரலாகாது. சுமை குறைய வேண்டும்; குரல் குறையலாகாது.

வழிதேடி அமெரிக்கா வரை போகவும் வேண்டா. தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில், 1997இல், சட்டம் செய்தது தமிழ்நாடு. 2005ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் என்ன சொல்கிறது? தகவல் ஏன் வேண்டும் என்று காரணம் கேட்கலாகாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதனை எழுத்தாக்க அலுவலரே உதவ வேண்டும். தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். முப்பது நாளில் விடை. தகவலுக்கு இயலும் நெறி தண்ணீருக்கு ஏன் இயலாது? ஓய்வூதியத்துக்கு ஏன் இயலாது? இந்தியாவின் இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் 2009இல் தந்த 12ஆம் அறிக்கையில் குடிமகனின் சொந்த உறுதிமொழியை நம்புமாறு பரிந்துரைத்தது. நம்பிக்கை மலிவான சரக்கு, நகலைவிட மலிவு!

ஆகவே நாம் கேட்பவை சில. அரசு அறிந்ததை அரசு மீண்டும் கேளாதிருக்கட்டும். ஒவ்வொரு படிவத்திலும் அதற்காகும் நேரம் அச்சாகட்டும். வாய்மொழியும் மனுவாகட்டும். மறுத்தால் காரணம் தமிழில் வரட்டும். கிராம சபை ஊராட்சிகளுக்கு உரியது, அனந்தபுரமோ பேரூராட்சி. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாகக் கூடிய பகுதி சபைகள், இத்தகைய சிற்றூர்களின் கடைசித் தெரு வரை உயிருடன் நடக்கட்டும். தாளின்றிப் பேசும் இடம் அதுவன்றோ!

அரசைக் கேட்பதோடு நம் பணி முடியுமா? இளைஞர்காள்! படிப்பகத்தில் நாளேடு படிக்கிறீர்கள், நன்று. ஞாயிறு மாலை அதே மேசையில் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். மறுநாள் மனுவோடு செல்பவருக்குக் காசு வாங்காது எழுதிக் கொடுங்கள். ‘தாழ்மையுடன்’ என்பதை அடித்துவிட்டு, எந்த விதிப்படி எந்த உரிமை என்பதை எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டின் எண்ணை ஒரு குறிப்பேட்டில் பதியுங்கள். முப்பதாம் நாள் அந்த எண்ணைச் சொல்லி விடை கேளுங்கள். அந்தக் குறிப்பேடு, எந்த அலுவலகமும் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளாத நேர்மையான திறனாய்வு நூலாக வளரும்.

மணியடிக்க ஒரு பசுவும், இரங்கி எழ ஒரு மன்னனும் இருந்தால் நீதி வந்துவிடும் என்றது பழங்கதை. எழுதத் தெரிந்த கையும், எண்ணிப் பார்க்கும் அறிவும், விடை வரும்வரை விடாத உறுதியும் இருந்தால் நீதி வந்தே தீரவேண்டும் என்பது புதுக்கதை. அதனை எழுத வேண்டியவர் நாம்.