கல்லறையில் யாருக்கு வசனம்?

விளக்கு வைத்த பிறகு இடுகாட்டுப் பக்கம் போகாதே என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, டிக்கெட் வாங்கிக்கொண்டு இருட்டில் கல்லறைகளைச் சுற்றிவருவது விசித்திரமாகத்தான் படும். அமெரிக்க ஊர்கள் பலவற்றில் அக்டோபர் பிறந்தால் இது வழக்கம். அட்லாண்டா நகரத்து ஓக்லாண்ட் கல்லறைத் தோட்டத்தின் மாலைச் சுற்று இவற்றில் பெயர்பெற்றது. ஹாலோவீன் காலம்தான்; ஆனாலும் பேயாட்டம் கிடையாது. பழைய காலத்து உடையில் தன்னார்வலர்கள் கல்லறையருகே நின்று, அங்கே புதைந்திருப்பவராகவே பேசுகிறார்கள். ஒரு குழு நகர்ந்ததும் அடுத்த குழு வந்துவிடும். செத்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லறைக்கு உலாவப் போவது அங்கே புதுப்பழக்கமல்ல. பாஸ்டன் அருகே 1831இல் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டம் தோன்றியபோது தேவாலய முற்றங்கள் நிரம்பி வழிந்தன. நகரங்களில் பெரிய பூங்காக்களும் இல்லை. மரமும் மேடும் வளைந்த பாதையுமாக அமைத்த புதுக் கல்லறைத் தோட்டமே பூங்காவும் ஆயிற்று. 1850இல் 6 ஏக்கரில் தொடங்கி 48 ஏக்கராக விரிந்த ஓக்லாண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருக்கின்றன.

செத்தவர்களைப் பேசவைக்கும் உத்திக்கு இலக்கிய முன்னோடி உண்டு. எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915இல் வெளியிட்ட 'ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி'யில் ஒரு சிற்றூரின் கல்லறைவாசிகள் ஒருவர் குட்டை மற்றவர் உடைக்கிறார்கள். மாலைச் சுற்றின் மனிதர்களிடம் அந்தக் காரம் குறைவு. பழைய கற்களைச் சீர்செய்யப் பணம் திரட்டவும்தானே நிகழ்ச்சி!

காரத்தைவிடப் பெரிய கேள்வி, யாருக்கு வசனம் கிடைக்கிறது என்பது. ஓக்லாண்டில் 'கான் வித் த விண்ட்' எழுதிய மார்கரெட் மிட்செல் இருக்கிறார். 1949இல் கார் மோதி இறந்தவர். கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸின் கல்லறையில் வருகிறவர்கள் பந்துகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜாஸ்பர் நியூட்டன் ஸ்மித் என்ற செல்வந்தர் தன் கல்லறை மாடத்தின்மேல் கல் உருவாக, நாற்காலியில் அமர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர்களுக்கெல்லாம் வசனம் எழுதப் பத்திரிகைச் செய்தியும் சொத்தும் கல்லும் இருக்கின்றன. அடிமையாகப் பிறந்து, ரயில் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அங்கே கைவிடப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்து, 1888இல் கறுப்பினக் குழந்தைகளுக்கு அநாதை இல்லம் கண்ட கேரி ஸ்டீல் லோகனுக்கும் கல் இருக்கிறது.

கல் இல்லாதவர்களும் ஏராளம். அடிமைகளைப் புதைக்க முதலில் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். 1877இல் வெள்ளையர்களுக்கு விற்க மனை போதவில்லை என்று, நகர மன்றம் உத்தரவிட்டு அந்த உடல்களைத் தோண்டி எடுத்துக் கறுப்பின ஏழைகளின் பகுதிக்கு மாற்றியது. கறுப்பினத்தவர் பகுதியில் நட்டிருந்த மர அடையாளங்கள் பல மக்கிப்போயின. 2016இல் ரேடார் கொண்டு மண்ணை ஆராய்ந்தபோது அடையாளமற்ற புதைகுழிகள் 800க்கு மேல் தென்பட்டன. ஏழைகளுக்கான பொது மைதானத்தில் மட்டும் ஏறத்தாழ 7,500 பேர். மறுபுறம், உள்நாட்டுப் போரில் தெற்குக்காகச் செத்த பெயர் தெரியாத வீரர்களுக்கு 1894இல் பளிங்குச் சிங்கமே வைத்தார்கள். அதை நகர நிர்வாகம் 2021இல் அகற்றியது. பெயரில்லாமையிலும் மேல்கீழ் இருந்திருக்கிறது.

பெயரற்றவருக்கு ஒரு பெயரைக் கற்பித்து, கண்ணீர் வசனம் எழுதிக்கொடுப்பது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்கிறவர் அதையும் வரலாறு என்றே வீட்டுக்குக் கொண்டுபோவார். கையில் இருக்கும் ஆவணம் 1877ஆம் ஆண்டு உத்தரவு. அக்காலக் கோட்டும் தொப்பியுமாக ஒரு நடிகர் நகர மன்ற உறுப்பினராக அந்த மூலையில் நின்று, மனை விற்பனைக் கணக்கைப் பேசட்டும். எத்தனை குழி தோண்ட வேண்டும், மனையை யாருக்கு விற்கலாம் என்று அவர் வாயாலேயே வரட்டும்.