சொல்லில்லாப் படநூல்கள்: வீச்சும் எல்லையும்

அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் பிரிவு 1938 முதல் ஆண்டுதோறும் சிறந்த படநூலின் ஓவியருக்கு அளித்துவரும் கால்டெகாட் பதக்கத்தை, 2007இல் டேவிட் வீஸ்னரின் ‘ஃப்ளாட்சம்’ நூலும் 2012இல் கிறிஸ் ராஷ்காவின் ‘எ பால் ஃபார் டெய்சி’ நூலும் பெற்றன. இரண்டும் சொல்லில்லாப் படநூல்கள், அதாவது படவரிசையைக் கொண்டே கதையை நடத்திச் செல்பவை. எழுத்தறியாக் குழந்தைக்கும் எம்மொழிக் குழந்தைக்கும் இவை ஒன்றுபோல் திறந்தவை என்னும் பாராட்டு எவ்வளவு பொருந்தும் என்பதை, ஒவ்வொரு நூலும் வாசகரிடம் எதிர்பார்க்கும் முன்னறிவைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

ராஷ்காவின் நூலில் ஒரு நாயின் சிவப்புப் பந்தை வேறொரு நாய் கடித்துக் கெடுத்துவிடுகிறது. வீடு திரும்பிய நாய் சோபாவில் மெல்ல மெல்லத் துவள்வதை அடுத்தடுத்த சிறு படங்கள் காட்டுவதால், துயரம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் குழந்தை கண்ணாலேயே உணர்கிறது. விளையாட்டுப் பொருளை இழந்த அனுபவம் எங்கும் உண்டாதலால், இந்நூலுக்கு விளக்குவோர் தேவைப்படுவதில்லை. லம்பெதூசா தீவில் வந்திறங்கிய அகதிக் குழந்தைகளையும் உள்ளூர்க் குழந்தைகளையும் மனத்தில் கொண்டு, பன்னாட்டுச் சிறார் நூல் வாரியம் 2012இல் சொல்லில்லா நூல்களைத் திரட்டத் தொடங்கியதும் இந்த ஆற்றலை நம்பியே.

‘ஃப்ளாட்சம்’ வேறு வகையானது. கடற்கரையில் ஒதுங்கிய பழைய கேமராவின் பிலிமைச் சிறுவன் கழுவக் கொடுத்துப் பார்க்க, படத்துக்குள் படமாகக் குழந்தைகள் தெரிகிறார்கள். உள்ளே செல்லச் செல்ல வண்ணம் கருப்பு வெள்ளையாக மாறுவது காலம் பின்னோக்கிச் செல்வதன் குறிப்பு. மீண்டும் மீண்டும் பார்க்கத் தூண்டும் அந்நுட்பமே, பிலிமை அறியாத இன்றைய குழந்தைக்குத் தடையும் ஆகிறது.

2010இல் பதக்கம் பெற்ற ஜெர்ரி பிங்க்னியின் ‘த லயன் அண்ட் த மவுஸ்’, விலங்கொலிகளைத் தவிர வேறு எழுத்தில்லாத ஈசாப் கதை. சிங்கம் எலியை விடுவிக்கும் செயலை ஓவியம் நிறைவாகக் காட்டுகிறது. பின்னாளில் உதவுவதாக எலி தரும் வாக்குறுதி பேச்சிலேயே பிறப்பதால், கதையை முன்பே அறிந்தவரே அதை நிரப்பிக்கொள்ள முடியும்.

ஆகவே சொல்லில்லா நூல் எழுத்தென்னும் தடையை நீக்குகிறதேயன்றி, அனுபவத்தாலும் பழக்கத்தாலும் வரும் தடைகளை நீக்குவதில்லை. பதக்கம் ஓவியத் திறனுக்குச் சான்று; எந்நூலைக் குழந்தையின் கையில் அப்படியே கொடுக்கலாம், எந்நூலை அதன் தாய்மொழியில் பேசிப் பேசி உடனிருந்து பார்க்க வேண்டும் என்று பிரித்தறிவது நூலகரும் ஆசிரியரும் செய்ய வேண்டிய பணி.