சாம்பலுக்கு எத்தனை மார்க்?

சுருட்டுக்கு விமர்சனம் எழுதிப் பிழைப்பவர்கள் உண்டு என்று சொன்னால் நண்பர் நம்ப மறுக்கிறார். 'பத்த வெச்சா புகையுது. இதுல விமர்சிக்க என்ன சார் இருக்கு?'

நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் 1992-ல் ஆரம்பித்த 'சிகார் அஃபிசியனாடோ' பத்திரிகை, உயர்ரகச் சுருட்டுகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறது. முதலில் தோற்றம். மேலே சுற்றிய இலையில் நரம்பு துருத்தக் கூடாது. எண்ணெய் தடவினாற்போல் லேசான மினுமினுப்பு வேண்டும். அடுத்தது சுவை. காப்பி, கோகோ, மிளகு, தேவதாரு, பதனிட்ட தோல் என்று ஒரு மளிகை லிஸ்ட்டே போடுவார்கள். மூன்றாவது, எரியும் லட்சணம். நெருப்பு வட்டமாக, சீராக இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓடினால் மார்க் போச்சு. இறுக்கிச் சுருட்டினால் இழுக்க வராது. தளர்த்தினால் சூடாகிக் கசக்கும். உள்ளே முழுநீள இலைகள் இருந்தால் சாம்பல் ஓரங்குலம்கூடத் தாக்குப்பிடிக்கும். துண்டு இலை என்றால் சட்டை மேல் பொலபொல.

சாம்பல் ஆராய்ச்சிக்கு முன்னோடி ஷெர்லக் ஹோம்ஸ். 1887-ல் வந்த அவருடைய முதல் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலை வைத்துக் கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார். ஆங்கிலேயர்களின் 'செரூட்' என்ற வார்த்தையே நம் 'சுருட்டு'தான்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பத்திரிகைக்காரர்கள் ஒரு விஷயத்தில் யோக்கியமானவர்கள். கம்பெனிப் பட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் நம்பர் போட்டுத்தான் ருசி பார்க்கிறார்கள். கையில் இருப்பது கியூபாவின் கொஹீபாவா, வேறு ஏதாவதா, தெரியாது. நம்மூரில் டைரக்டர் பெயரையோ கவிஞர் பெயரையோ மறைத்துவிட்டு விமர்சனம் எழுதச் சொன்னால், பாதிப் பேர் பேனாவை மூடிவிடுவார்கள். நான் உட்பட.

ஆனால், இத்தனை நுணுக்கமான மார்க் ஷீட்டில் ஒரு கட்டத்தை மட்டும் காணோம். பிடித்தவர் என்ன ஆனார்?

'சிகரெட் மாதிரி நெஞ்சுக்குள்ள இழுக்கறதில்லையே' என்பது சுருட்டு ரசிகர்களின் நிரந்தர சமாதானம். அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகம் 1998-ல் சுருட்டுக்கென்றே தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டு அதைக் கலைத்துவிட்டது. உள்ளே இழுக்காவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரலாம். பெரிய சுருட்டு ஒன்றிலேயே ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம்.

சிக்மண்ட் ஃப்ராய்டு நாளைக்கு இருபது சுருட்டு பிடித்தவர். 1923-ல் வாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதன்பின் முப்பதுக்கும் மேல் ஆபரேஷன். தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கையாகச் செய்து பொருத்தினார்கள். பேசவும் சாப்பிடவும் சிரமம். 1939-ல் இறந்துபோனார். மனித மனசின் அடித்தளம் வரை இறங்கிப் பார்த்த அந்த மேதையால் சுருட்டை மட்டும் கடைசிவரை விட முடியவில்லை. அவர் பிடித்தவையெல்லாம் நல்ல சுருட்டுகளாகத்தான் இருந்திருக்கும். தோற்றம், சுவை, எரியும் லட்சணம் மூன்றிலும் தொண்ணூறுக்கு மேல் வாங்கியிருக்கும்.

நண்பரிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

'மொத்தத்துல எத்தனை மார்க் சார்?'

'சுருட்டுக்கா, ஃப்ராய்டுக்கா?' என்றேன்.