18 நிமிடமா, 30 நிமிடமா?

ராஜரத்தினம் பிள்ளை இரண்டு முறை தோடி வாசித்தால் அவை இரண்டு தோடிகள். கோயில் திருவிழாவில் நாகசுரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலைச் சிம்பொனியிலோ ஒவ்வொரு சுரமும் எழுதி வைக்கப்பட்டது. பிறகு ஏன் ஒரே சிம்பொனியின் பல பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்க வேண்டும்?

குஸ்தாவ் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை 1912இல் வியன்னாவில் அரங்கேற்றியவர், அவருடன் நெருங்கிப் பழகிய புரூனோ வால்ட்டர். அதே நகரில் 1938 ஜனவரி 16இல் வால்ட்டர் நடத்திய கச்சேரியின் பதிவில் இறுதிப் பகுதி சுமார் 18 நிமிடம். ஆம்ஸ்டர்டாமில் 1985இல் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்தியதில் அதுவே ஏறக்குறைய 30 நிமிடம். சுரம் ஒன்றும் கூடவில்லை, காலப்பிரமாணம் மாறிவிட்டது. வால்ட்டரிடம் துயரம் நடந்துகொண்டே இருக்கிறது. பெர்ன்ஸ்டைனிடம் அது அடிக்கடி நின்று திரும்பிப் பார்க்கிறது. அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் எழுதியவரின் பங்கு எது, நடத்துபவரின் பங்கு எது என்று எனக்குப் பிடிபட்டது. ஒப்பீட்டின் பெரும்பயன் இதுவே.

தீர்ப்புச் சொல்லத் தொடங்கும்போதுதான் பிழை நேர்கிறது. மாலரை நேரில் அறிந்தவர் என்பதால் வால்ட்டரின் வேகமே சரி என்று வாதிடலாம். ஆனால் 1961இல் அவரே மறுபடி பதிவுசெய்தபோது அப்பகுதி சுமார் 3 நிமிடம் நீண்டது. எந்த வால்ட்டர் சரி? மேலும், 1938 கச்சேரி முடிந்து இரண்டு மாதத்துக்குள் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் புகுந்தது. யூதரான வால்ட்டர் அந்த மண்ணை இழந்தார். இதை அறிந்த நாம், பின்னர் வந்த துயரத்தையும் இசைக்குள் ஏற்றிக் கேட்கிறோம்.

கேட்கும் இடமும் தீர்ப்பில் தலையிடும். அந்தச் சிம்பொனியின் கடைசிப் பக்கத்தில் தந்தி வாத்தியங்கள் மட்டுமே, மூச்சு அடங்குவதுபோல் தேய்ந்து மறைகின்றன. கம்பளையில் ஒரு மழை மாலையில் பெர்ன்ஸ்டைன் பதிவைக் கேட்டு, "முடிவு மங்கல்" என்று குறித்துவைத்தேன். மறுநாள் விடியலில், மழை ஓய்ந்தபின், அதே முடிவு இழை இழையாகக் கேட்டது. மங்கல் பதிவில் இல்லை. தகரக் கூரையில் இருந்தது. குறிப்பை அடித்தேன்.

ஆகவே ஒப்பிடுவோம், முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டம் கட்ட வேண்டாம். இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8இல் லண்டனில் அரங்கேறியது. வேறு நடத்துநர்கள் அதைத் தத்தம் காலப்பிரமாணத்தில் நடத்தும் காலம் வரும்போது, இப்படிக் கேட்டுப் பழகிய காது நமக்கு வேண்டும்.