இலவசப் பயணி

மலைப்பாதை விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: கட்டுப்பாட்டை இழந்த சரக்கு வேன் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. இடம் மட்டும் மாறும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலை, பழனியிலிருந்து பெருமாள்மலை வரும் சாலை, தாண்டிக்குடிப் பக்கத்து ஒற்றைச் சாலை. எழுவாய் எப்போதும் வேன்தான். ஓட்டியவர் இல்லை, வண்டியை அனுப்பியவர் இல்லை, அத்தனை பேரை ஏற்றச் சொன்னவர் இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் ஓர் எண்ணிக்கையும் ‘பெண்கள் உட்பட’ என்ற இரண்டு சொற்களும் வரும். அந்தப் பெண்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்பது மூன்றாவது வாக்கியத்துக்குத் தள்ளப்படும், அல்லது விடுபட்டுப்போகும்.

இதைச் செய்தியாளரின் அவசரம் என்று விட்டுவிடலாம். ஆனால் இதே இலக்கணம் காவல் நிலையத்திலும் தீர்ப்பாயத்திலும் சட்டத்தின் வாசகத்திலும் தொடர்வதைக் கொஞ்ச காலமாக வாசித்து வருகிறேன். அங்கே அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது: இலவசப் பயணி. சரக்கு வாகனத்தில் பயணக் கட்டணம் இல்லாமல் ஏறிப் போகிறவர் என்று பொருள்.

யார் அவர்? கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர் பக்கம் காப்பிப் பழம் பறிப்பவர், மிளகு பறிப்பவர், மலைவாழைத் தோட்டத்தில் களை எடுப்பவர். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி ஊர்களில் கேரட் பிடுங்கிக் கழுவுபவர், பூண்டு உரிப்பவர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பூண்டை எடுக்கப் போகிறவர் எந்த வண்டியில் போகிறார் என்று எந்தக் குறியீடும் கேட்பதில்லை. கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் உண்டு. சுற்றுலாக் காரை எண்ணிவிட முடிகிறது. விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பிக்கப்பின் பின்பக்கத்தில் எத்தனை தலை என்பதற்குக் கணக்கு இல்லை.

காப்பித் தோட்ட வேலைக்குப் போய்வரும் ஓர் அக்காவிடம், ஏன் அந்த வண்டியில் ஏறுகிறீர்கள் என்று கேட்டேன். “ஏறலைன்னா மறுநாள் கூப்பிட மாட்டாங்க தாயி. செக்போஸ்ட் வந்தா குனிஞ்சு உக்காரச் சொல்லுவாங்க, உக்காந்துக்குவோம்” என்றார். வண்டிக்கு என்று கூலியில் ஏதாவது பிடிப்பார்களா என்றதற்கு, “பிடிச்சுத்தான் குடுப்பாங்க” என்றார். இந்தக் கடைசிப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தாறுமாறாக வண்டி ஓட்டுவது என்றதும் நம் மனத்தில் வருவது குடித்துவிட்டுக் கார் ஓட்டும் பணக்கார வீட்டுப் பையன். அவனும் இருக்கிறான். ஆனால் மலையில் நான் பார்க்கும் பொறுப்பின்மை பெரும்பாலும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒரே காலையில் இரண்டு மூன்று நடை அடிக்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது, கியர் இல்லாத வண்டியைப் பிரேக்கிலேயே பிடித்துப் பிடித்துச் சூடேற்றுவது, மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியைக் கொண்டை ஊசி வளைவில் மறப்பது. ஓட்டுநர் செய்வது குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு தாறுமாறாக ஓட்டியதற்கு ஆறு மாதம் வரையிலும், 106(1) கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து ஆண்டுகள் வரையிலும் சிறை என்கிறது. முந்தைய 304ஏ பிரிவில் இது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. தண்டனை கூடியிருக்கிறது. அதனால் கால் ஒடிந்து கிடக்கும் பெண்ணின் அடுப்பு எரியாது. அவருக்கான வழக்கு வேறு: மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் வழக்கு, வக்கீல் குமாஸ்தாக்கள் எம்.சி.ஓ.பி. என்று சொல்வது.

அங்கேதான் அந்தச் சொல் காத்திருக்கிறது. 1994இல் சட்டத்தின் 147ஆம் பிரிவைத் திருத்தியபோது, சரக்கு வாகனத்தில் செல்லும் ‘சரக்கின் உரிமையாளர் அல்லது அவரது அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி’ காப்பீட்டுக்குள் கொண்டுவரப்பட்டார். 1999இல் உச்ச நீதிமன்றம், அப்படியானால் சரக்கு வண்டியில் செல்லும் மற்ற பயணிகளுக்கும் பாதுகாப்பு உண்டு என்று வாசித்தது. 2002இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த வாசிப்பைத் தள்ளிவிட்டது. சரக்கு வண்டி சரக்குக்கானது, இலவசப் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, இதைச் சட்டத்தின் சொந்த வாசகமாகவே ஆக்கியது: போக்குவரத்து வாகனப் பயணிகளுக்குக் காப்பீடு உண்டு, சரக்கு வாகனத்தின் இலவசப் பயணிகள் நீங்கலாக.

பழனி மலைச் சாலையில் வைத்து இதை வாசித்துப் பாருங்கள். கேரட் மூட்டையோடு மூட்டையின் சொந்தக்காரர் உட்கார்ந்து வந்தால் அவருக்குக் காப்பீடு உண்டு. அந்தக் கேரட்டைப் பிடுங்கிய பெண் அதே மூட்டையின்மேல் உட்கார்ந்து வந்தால் இல்லை. அவர் வண்டியில் ஏறாமல் சாலையோரம் நடந்துபோகும்போது அதே வண்டி மோதியிருந்தால், மூன்றாம் தரப்பு என்ற கணக்கில் பாதுகாப்பு உண்டு. அரசின் விடியல் பயணப் பேருந்தில் காசு கொடுக்காமல் போகிறார்; அங்கே அவர் முழுமையான பயணி. கூலியில் பிடித்துக்கொண்டு ஏற்றிச் செல்லும் வண்டியில் அவர் இலவசம். சட்டம் இங்கே முதலில் கேட்பது ஓட்டுநர் என்ன செய்தார் என்றல்ல. நீ யார், ஏன் ஏறினாய் என்று. நம் ஊரில் பெண்ணுக்கு என்ன நடந்தாலும் முதலில் கேட்கப்படும் கேள்விதான் இது.

காப்பீடு இல்லையென்றால் இழப்பீடே இல்லை என்றாகாது. ஓட்டுநரும் வண்டிச் சொந்தக்காரரும் கொடுக்க வேண்டும். ஒரு பழைய பிக்கப்பைத் தவிர வேறு சொத்தில்லாதவரிடம் அந்த உத்தரவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2004இல் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழி கண்டது: காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். பல அமர்வுகள் இந்த வழியில் போயிருக்கின்றன. நல்லதுதான், ஆனால் அது உரிமையாக அல்ல, நீதிமன்றத்தின் மனமாகவே கிடைக்கிறது.

இன்னொரு வாசல் தொழிலாளர் என்ற அடையாளம். வண்டியின் உரிமையாளரே வேலை கொடுப்பவராக இருந்தால் அவர் தொழிலாளி, வாதம் வேறாகிறது. தோட்டக்காரர் இன்னொருவரின் வண்டியை வாடகைக்குப் பிடித்து அனுப்பினால் அவர் மறுபடியும் யாரோ ஒரு பயணி. இங்கே ஓர் அண்மைத் தீர்ப்பு உதவும். 2003இல் மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்தார். அவருடைய மனைவியும் குழந்தைகளும் தாயும் நடத்திய வழக்கில் 2025 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது: நேரமும் இடமும் சூழலும் வேலையோடு பொருந்துமானால், வீட்டிலிருந்து வேலையிடம் போகும் பயணமும் வேலையின் பகுதியே. அதற்கு 22 ஆண்டுகள் ஆயின. வேலை கொடுப்பவர் அமர்த்திய வண்டியில், அவர் சொன்ன நேரத்தில் ஏறிய பெண்ணுக்கு இந்த வாதம் இன்னும் நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இலவசம் என்ற சொல் வண்டியோடு நிற்பதில்லை. பெண் இறந்துவிட்டால் அவர் உயிருக்கான தொகையைக் கணக்கிடும்போது அது வீட்டுக்குள் வருகிறது. 1994இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, வருமானமில்லாத மனைவியின் மதிப்பு கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றது. இதன்படி அதிகாரி வீட்டுச் சோறும் கூலிக்காரர் வீட்டுச் சோறும் வெவ்வேறு விலை. ஜாம்ஷெட்பூரில் 1989இல் நடந்த தீ விபத்து வழக்கில், 2001இல், இல்லத்தரசியின் உழைப்பு மாதம் 3,000 ரூபாய் என்று ஒரு கணக்கு வந்தது. 2010இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், தீர்ப்பாயம் முறையாகக் கணக்குப் போட்டு 6 லட்சம் என்று எழுதிவிட்டு, அவர் சம்பாதிக்காதவர் என்று இரண்டரை லட்சமாகக் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப 6 லட்சமாக்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுப் பெண்களைப் பிச்சையெடுப்போர், சிறைவாசிகளோடு ஒரே வகையில் வைத்திருந்ததை நீதிபதி கங்குலி அந்தத் தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தார். அந்த வழக்கின் தலைப்பில் கணவர் பெயர் இருக்கிறது, காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. இறந்தவர் பெயர் இல்லை. மனுதாரர் பெயரில்தான் வழக்கு வரும், தெரியும். இருந்தாலும் உறுத்துகிறது.

அதற்கு ஓராண்டு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதிய தீர்ப்பு, என் வாசிப்பில், இந்த வரிசையில் மிக நேர்மையானது. (பின்னாளில் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இவர்தான்.) வீட்டுவேலையை மதிப்பிடும் மூன்று முறைகளை அவர் எடுத்துப் பேசினார்: வெளியே போயிருந்தால் அவர் என்ன சம்பாதித்திருப்பார் என்பது, திருமணத்தைச் சம பங்குக் கூட்டாகக் கொண்டு பாதியைக் கணக்கிடுவது, அவர் செய்த வேலைகளுக்கு ஆள் வைத்தால் என்ன ஆகும் என்பது. 2021இல் நீதிபதி ரமணா, 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வைச் சுட்டினார்: ஊதியமில்லா வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் இன்னொரு அமர்வு, இல்லத்தரசியின் மதிப்பு ஒரு தினக்கூலியின் வருமானத்துக்குக் கீழே போக முடியாது என்றது.

இவற்றையெல்லாம் மகிழ்ச்சியோடுதான் வாசிக்கிறேன். ஆனால் நான் வாசித்த தீர்ப்புகளின் பெண் ஒன்று இல்லத்தரசியாக இருக்கிறார், அல்லது சம்பாதிப்பவராக. நம் கீழ்மலைப் பெண் இரண்டும். விடியுமுன் எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவைத்துவிட்டு வேன் ஏறுகிறவர். கூலி என்று ஒரு தொகையைக் குறித்ததும் அந்த முந்தைய மூன்று மணி நேரம் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. கூலிக்கே ஆதாரம் கங்காணியின் நோட்டுதான். விபத்துக்குப் பிறகு அந்த நோட்டு யார் கண்ணிலும் படாது. தினக்கூலிதான் தரை என்றால், வீட்டுவேலை அந்தத் தரையின்மேல் ஏற வேண்டும், அதற்குப் பதிலாக வரக்கூடாது. இதைக் கேட்கும் மனுக்கள் எழுதப்பட வேண்டும். சட்டம் படிக்கும் மாணவிகள் இதை வாசித்தால், உங்களிடம்தான் சொல்கிறேன்.

தெரிந்திருக்க வேண்டியவை சில. இழப்பீட்டு மனுவுக்கு 2019 திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது, ஆனாலும் கெடுவுக்குள் போடுவதே பாதுகாப்பு. மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். இலவசச் சட்ட உதவிக்குப் பெண் என்ற தகுதியே போதும், வருமானச் சான்று கேட்டு அலைக்கழிக்க முடியாது. யார் தவறு என்று நிரூபிக்க இயலாதபோது 164ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் காவலர் வந்து வாங்கும் வாக்குமூலம். பெரும்பாலும் அது ஏற்கெனவே எழுதப்பட்டு, கைநாட்டு வாங்க மட்டும் நீட்டப்படும். ‘வேனில் ஏறிச் சென்றபோது’ என்று அதில் இருந்தால், மூன்று ஆண்டுகள் கழித்து காப்பீட்டு வக்கீல் படித்துக்காட்டப் போவது அந்த வரியைத்தான். வண்டியை அனுப்பியவர் யார், எந்தத் தோட்டத்துக்கு, யார் நேரம் சொன்னார்கள் என்பது உண்மையாக நடந்தபடியே அதில் ஏற வேண்டும். கூலியில் பிடித்ததும் ஏற வேண்டுமா? கட்டணம் கொடுத்தவரை இலவசப் பயணி என்று எப்படிச் சொல்வீர்கள் என்று புதிய வாசகத்தை வைத்தே கேட்க இடமிருக்கிறது. சரக்கு வண்டியில் காசுக்கு ஆள் ஏற்றியது அனுமதி மீறல் என்று நிறுவனம் இன்னொரு கதவைச் சாத்தப் பார்க்கும். அந்தச் சண்டையை வக்கீல் போடட்டும். கட்டிலில் கிடப்பவர் கேட்க வேண்டியது, எழுதியதைத் தமிழில் உரக்கப் படித்துக்காட்டுங்கள் என்பதும், ‘வேலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது’ என்ற சொற்கள் அதில் வரும்வரை கையை நீட்டாமல் இருப்பதும்.