பனையேறி மூச்சு விடும் தண்ணீர்

சிலாங்கூரின் நெல்வயல் ஊரான செகிஞ்சானுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வயலைப் படமெடுத்துக்கொள்கிறார்கள், பாகான் மீனவக் கிராமத்தில் இறாலும் நண்டும் சாப்பிடுகிறார்கள், ஒரு பை அரிசி வாங்கிக்கொண்டு பொழுது சாயுமுன் கோலாலம்பூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சாலைக்கும் வயலுக்கும் நடுவில் கோப்பி-ஓ என்கிற கறுப்புக் கோப்பி நிறத்தில் நகர்கிற பாரிட் வாய்க்காலை எட்டிப் பார்ப்பவர் குறைவு. பார்த்தாலும் சாக்கடை என்று நினைத்து மூக்கைச் சுளிப்பார்கள். என் பெரியப்பா மோட்டாரை நிறுத்துவது அந்த ஓரத்தில்தான். நிறுத்தியதும் தூண்டிலை அவிழ்க்க மாட்டார். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, அது விரலைச் சுடும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் "இறங்குடா" என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் மோட்டாரை உதைப்பார்.

அந்த ஒரு சிகரெட் நேரத்துக்கு நான் ரசிகன். தூண்டில் போடுவதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். முள் கட்டுவது, நரம்பு சிக்கலெடுப்பது, தக்கை அசைவதைப் பார்த்துச் சுண்டுவது எல்லாம் கைப்பழக்கம். எந்தத் தண்ணீரில் மீன் இருக்கிறது என்று கரையில் நின்றே சொல்வது வேறு சங்கதி. முப்பது வருஷமாக முயன்று பார்க்கிறேன். பத்துக்கு ஐந்து தடவை தேறுகிறேன். பெரியப்பாவுக்கு எட்டு தேறும். அவர் படித்தது தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை.

அவர் தேடியது பெரும்பாலும் பனையேறியை. பனையேறிக் கெண்டை என்று தமிழ்நாட்டில் சொல்வது. இங்கே மலாய்க்காரர்களுக்கு அது புயு. உள்ளங்கை நீளம், ஆலிவ் கலந்த சாம்பல் நிறம், அரம் போன்ற செதில், செவுள் மூடியின் ஓரத்தில் ரம்பப்பல். தெரியாமல் கையில் பிடித்தால் ரத்தம் பார்க்காமல் விடாது. இந்த மீனுக்கும் தமிழுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில் இருந்த காலம். 1791 நவம்பரில் டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட், குளக்கரைப் பனைமரத்தின் பட்டை வெடிப்பில், தண்ணீருக்கு ஐந்தடி மேலே, இந்த மீன் ஒன்று மேலும் ஏற முயன்றுகொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். அது லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1797இல் அச்சானது. அவர் வைத்த பெயருக்கு ஏறுகிற பெர்ச் என்று பொருள். இன்றைய அறிவியல் பெயரான அனாபாஸும் மேலேறுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். பெர்ச் குடும்பத்துக்கும் இதற்கும் உண்மையில் சம்பந்தமில்லை. நம் விராலுக்கும் செபாட் மீனுக்கும் சண்டை மீனுக்கும்தான் இது பங்காளி.

பனை ஏறுமா? பருந்தோ காக்கையோ கொத்திக்கொண்டு போய் மரத்தில் நழுவவிட்ட மீனைத்தான் அன்று பார்த்திருப்பார்கள் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சுற்றிலும் செம்பனையாக இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு புயுவையும் மரத்தில் பார்த்ததில்லை. தரையில் பார்த்திருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். வடக்கே பெர்ணம் ஆற்றில் தடுத்த தண்ணீர் ஒரு நீண்ட கால்வாய் வழியாகத் தெங்கி ஆற்றுக்கு வந்து, அங்கிருந்து கடற்கரைக்கு இணையாக ஓடும் பெரிய கால்வாயில் இறங்குகிறது. அதிலிருந்து தாலி ஆயிர் என்கிற பாசன வாய்க்கால்கள் கிளைத்து சாவா செம்பாடான், சுங்கை பூரோங், செகிஞ்சான், சுங்கை லேமான், பாசிர் பாஞ்சாங் என்று ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் நெல்லை நனைக்கின்றன. கால்வாய்க்குக் கிழக்கே ராஜா மூசா, சுங்கை காராங் என்ற சதுப்புக் காடுகள், 70,000 ஹெக்டேருக்கு மேல். இலையும் வேரும் ஆயிரக்கணக்கான வருஷமாக மக்காமல் ஊறிக் கிடக்கும் அந்தக் காட்டின் கஷாயம்தான் கோப்பி-ஓ நிறம். புளிப்பான தண்ணீர், பிராணவாயு குறைந்த தண்ணீர். பெட்டா லிவிடா என்று சுண்டுவிரல் நீளச் சண்டை மீன் ஒன்று உலகத்திலேயே இந்த வட சிலாங்கூர் சதுப்பில்தான் இருக்கிறது. கண்ணாடித் தொட்டிப் பிரியர்கள் அதன் பெயரைச் சொன்னாலே உருகுவார்கள். பெரியப்பாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும், "இத வெச்சு எந்தக் கொழம்பு வெக்கிறது?" என்றிருப்பார்.

எல்லாப் பகுதிக்கும் ஒரே நாளில் தண்ணீர் திறக்க மாட்டார்கள். முறை வைத்துத்தான் விடுவார்கள். ஒரு பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் கதிர் பழுத்து வயலை வடித்துக்கொண்டிருப்பார்கள். வடிகிற இடத்தில்தான் மீன் சேரும். வயலுக்குள் மூன்று மாதமாகச் சிதறி மேய்ந்தவை எல்லாம் ஒரு முழ அகல வாய்க்காலுக்கு வந்து நெருக்கும். அதனால் பெரியப்பாவுக்கு எந்த வயல் எப்போது அறுப்பு என்பது விவசாயிக்குத் தெரிந்த அளவு தெரியும். செகிஞ்சான் கோப்பிக் கடையில் சீனப் பெரியவர்களோடு உட்கார்ந்து மலாயில் நெல்லைப் பற்றியே பேசுவார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எழுந்து வரும்போது அந்த வாரம் எங்கே போவது என்று முடிவாகியிருக்கும்.

நிறத்தை அவர் கோப்பிக் கடைக் கணக்கிலேயே சொல்வார். கோப்பி-ஓ என்றால் நல்ல தண்ணீர். விரால், புயு, செபாட் மூன்றும் இருக்கும். தே தாரிக் என்றால் மேலே எங்கோ மழை அடித்து மண் கலந்திருக்கிறது, கெளுத்திக்கு உட்காரலாம். பச்சை ஏறியிருந்தால் வயலில் போட்ட உரம் இறங்கியிருக்கிறது. மேலே வானவில் போல மெல்லிய படலம் மின்னினால் மருந்து அடித்திருக்கிறார்கள். மோட்டாரை உதைக்க வேண்டியதுதான். இந்தக் கடைசித் தண்ணீர்தான் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. இருபோக நெல்லும் பூச்சிமருந்தும் வந்த பிறகு வயல்மீன் குறைந்ததை இந்த நாட்டில் நெல் விளையும் எல்லா ஊரிலும் சொல்வார்கள்.

நிறத்துக்கு அடுத்து மூச்சு. இதைத்தான் அவர் அந்தச் சிகரெட் நேரத்தில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. புயுவுக்குச் செவுளுக்கு மேலே, சுருள் சுருளாக மடிந்த ஓர் உறுப்பு இருக்கிறது. அதைக் கொண்டு காற்றை நேராக உறிஞ்சும். மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால், மீனாகப் பிறந்தும் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே அது ஒளிந்திருக்க முடியாது. சில நிமிஷத்துக்கு ஒரு தரம் தன்னைக் காட்டிக்கொடுத்தே ஆக வேண்டும். "சொடக்கு போட்ட மாதிரி 'டக்'குனு வந்து போச்சுன்னா புயு. தண்ணிய முழுங்குன மாதிரி 'களக்'னு கேட்டா விரால். சத்தமே இல்லாம ஒரு சின்ன வட்டம் விரிஞ்சா செபாட். வரிசையா முட்டை முட்டையா நுரை வந்தா கீழ கெளுத்தி சேத்தக் கிளறுது. தண்ணிய கேளுடா, மீன தேடாத."

கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. இப்போது கங்கோங் கொடி மதகு வாயில் படர்ந்து, அதன் நிழல் விளிம்பில் ஐந்து நிமிஷத்தில் நாலைந்து சொடக்கு விழுந்தால், நெஞ்சு ஒரு துள்ளு துள்ளுகிறது. கச்சேரியில் ராகம் பிடிபட்ட மாதிரி. மீன் இன்னும் கைக்கு வரவில்லை. வராவிட்டாலும் பாதி சந்தோஷம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

பருவம் என்று கேட்டால், நமக்கு வசந்தம் கிடையாது. பங்குனிக் கடைசியும் சித்திரையும் உண்டு. இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே காற்று அடங்கி, பகல் முழுக்கப் புழுங்கி, மூன்று நாலு மணிக்கு இடியோடு கொட்டும் மாதங்கள். சில நாள் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து ஜலசந்தியைத் தாண்டிக் காற்றும் மழையும் அடித்துவிட்டுப் போகும். காய்ந்து கிடந்த வாய்க்காலில் இந்தப் புதுத்தண்ணீர் விழுந்ததும் மீனுக்குப் பைத்தியம் பிடிக்கும். எதிர்நீச்சல் போட்டு மேலே மேலே ஏறும். ஓட்டம் தீர்ந்து தரை வந்தால், செவுள் மூடியின் ரம்பத்தைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஒருக்களித்து ஒருக்களித்து நடக்கும்.

புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் தோட்டத்தில் செம்மண் ரோட்டில் அதைப் பார்த்தேன். வயது பத்து இருக்கும். மழை விட்ட அந்தி. பால்மரம் எல்லாம் வெட்டிச் செம்பனை வைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. வரிசைக்கு வரிசை வாய்க்கால், அதில் வெட்டிப் போட்ட மட்டைகள் ஊறும். ஒரு வாய்க்காலிலிருந்து எதிர் வாய்க்காலுக்கு ஏழெட்டு மீன்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லை. ஒன்று நின்றது, செவுள் திறந்து மூடியது, வாலை ஒரு தட்டு, மறுபடி நடை. வயிற்றில் செம்மண் அப்பியிருந்தது. பின்னால் வந்த லாரி டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, கடைசி மீன் புல்லுக்குள் நுழையும்வரை சக்கரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மாவட்டத்தில்தான், தென்னமாராம் தோட்டத்தில், 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகொன்னியே இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். 1930இல் மலேயாவைப் பற்றி நாவல் எழுதிப் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. தென்னமரத்தின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனை. செம்பனைக் காட்டு வாய்க்காலில் பனையேறி. யாரோ உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைத்த மாதிரி இருக்கிறது.

இரைக்கு வருவோம். புயுவுக்கு மண்புழு போதும், ஆனால் ரசனை உள்ளவர்கள் முசுறு எறும்பின் முட்டைக்குத்தான் போவார்கள். ரம்புத்தான் மரத்தில் இலைகளை இழுத்து ஒட்டிக் கட்டிய கூட்டை நீளக் கம்பால் குத்தி, கீழே துணி விரித்து உதறினால் வெள்ளை அரிசியாகக் கொட்டும். முட்டை என்று சொல்கிறோமே தவிர அதில் பாதி புழு. எறும்பு ஏறாத இடம் உடம்பில் இருக்காது. பொடி முள்ளில் மூன்றைக் கோக்க வேண்டும். நாலாவது கோத்தால் முதலாவது உடையும். பெரியப்பாவின் தடித்த விரல், செம்பனைக் குலை வெட்டிக் காய்த்துப் போன விரல், இந்த வேலையை மட்டும் பூத்தொடுப்பது போலச் செய்யும்.

விராலுக்கு உயிர்மீன். அதைப் பிடிப்பது எங்கள் வேலை, அதாவது பொடிசுகளின் வேலை. பழைய கைலியின் தையலைப் பிரித்து, இந்த முனையை ஒருவன், அந்த முனையை ஒருவன் பிடித்து, முழங்கால் தண்ணீரில் மெதுவாக நடந்து மட்டை ஓரமாகத் தூக்குவோம். செபாட் குஞ்சு, பொடிக் கெண்டை, தலைப்பிரட்டை, எப்போதாவது ஒரு நீர்த்தேள். எல்லாவற்றையும் எடுக்க விடமாட்டார். முதுகுத் துடுப்புக்குக் கீழே முள் குத்தினால் ராத்திரி முழுக்க உயிரோடு நிற்கக் கூடியது புயுக் குஞ்சுதான். அதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைத் திரும்பக் கொட்டச் சொல்வார். மூங்கில் கழியைக் கரையில் சாய்த்து நட்டுவிட்டு வந்துவிட்டால் விடியும்போது கழி வளைந்து நிற்கும்.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு அகலம் குஞ்சுகள் கொதிக்கிற மாதிரி மேலே மிதந்து வந்தால், அதன் கீழே தாய்விரால் காவலுக்கு நிற்கும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் எதைப் போட்டாலும் கோபத்தில் பாயும். பச்சைக் குழந்தைக்குக்கூட அந்த விராலைப் பிடிக்கத் தெரியும். அவர் பிடிக்க மாட்டார். இப்போது அதையே வீரமாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பேட்டரியை முதுகில் கட்டிக்கொண்டு கரண்ட் போட்டு அள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படிக் குற்றம், இருந்தும் நடக்கிறது.

பெஸ்தாரி ஜெயா பக்கம், பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, ஈயம் தோண்டிய குட்டைகள் ஏரி ஏரியாகக் கிடக்கின்றன. அங்கே தோமான் என்கிற பெரிய விரால் வகையும், தென்னமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்ட மஞ்சள் நிற ராஜா மீனும் உண்டு. பளபளப்பான தூண்டிலோடு பிள்ளைகள் போகிறார்கள். எனக்கு அந்தத் தண்ணீர் பேசுவதில்லை. கரை செங்குத்தாக இறங்குகிறது, காலடி மணல் சரிகிறது, நீலமாக ஆழமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

பிடித்ததைத் தின்பதைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். விரால், பிள்ளை பெற்ற வீட்டுக்கும் ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் போய்விடும். காயம் ஆறும் என்று மலாய், சீன, தமிழ் வீடுகள் மூன்றும் நம்புகின்றன. புயுவைச் சாம்பலில் புரட்டித் தேய்த்து, செதிலோடு சண்டை போட்டு, மஞ்சளும் மிளகாயும் தடவி மொறுமொறுவென்று பொரிப்பாள் பெரியம்மா. முள் அதிகம். பேசிக்கொண்டே சாப்பிட முடியாத மீன்.

போன சித்திரையில் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு சுங்கை பூரோங் மதகுக்குப் போனேன். பெரியப்பா இல்லை இப்போது. நான் கடிகாரம் பார்த்துக்கொண்டேன். எட்டு நிமிஷத்தில் ஆறு சொடக்கு. இறங்கினோம். பதினொரு புயு. வாளியில் விட்டு, வீட்டுக்கு வந்து பின்வாசலில் வைத்து, மேலே பலகையைப் போட்டு மூடினேன். "அந்தத் தாத்தா மேல அம்மிக் குழவிய வெப்பாரு, சித்தப்பா" என்றான் பையன். அவன் அவரைப் பார்த்ததில்லை. அவன் அப்பா சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது குழவி ஏது. ராத்திரி நல்ல மழை. காலையில் பலகை விலகியிருந்தது, வாளியில் நாலு கிடந்தது. ஒன்றை மட்டும் பிறகு கண்டுபிடித்தோம். பக்கத்து வீட்டுக் கால்வாயை நோக்கி, சிமெண்டுத் தரையைத் தாண்டி, செருப்புகளுக்கு நடுவே வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பையன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான், கை வைக்காமல்.