மேடிசன் எண்ணாத எடை

ஐக்கிய அமெரிக்காவின் அரசமைப்பைக் கற்போர் தவறாது படிக்கும் கட்டுரை ஒன்றுண்டு. 1787ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், நியூயார்க் நாளிதழ் ஒன்றில், 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரில் ஜேம்ஸ் மேடிசன் எழுதியது அது. தந்நலம் கருதிக் கூடும் குழுக்களால் நாடு கெடாமல் காப்பது எவ்வாறு என்பதே அதன் பொருள்.

பல குழுக்கள் இல்லாததே நாடு என்றார் வள்ளுவர், 'நாடு' என்னும் அதிகாரத்தில். மேடிசனோ, உரிமையுள்ள இடத்தில் குழுக்களை ஒழித்தல் இயலாது என்கிறார். ஆதலின் அவற்றின் தீங்கைத் தணிக்க மூன்று வழி காட்டுகிறார். சிறு குழுவைப் பெரும்பான்மையோர் வாக்கினால் தோற்கடிப்பர். பெருங்குழுவாயின், பரந்த நாட்டில் அதனைச் சார்ந்தோர் ஒன்றுகூடுதல் அரிது. தொகுதி பெரிதாயின், தகுதியற்றோர் வாக்காளரை மயக்குதலும் கடினம்.

நுண்ணிய வாதமே. ஆயினும் மூன்றாம் வழி இடறுகிறது. பிரதிநிதிகள் சபையில் 30,000 மக்களுக்கு ஓர் உறுப்பினருக்கு மேல் கூடாது என்றது அன்றைய அரசமைப்பு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஓர் உறுப்பினர்க்குரிய மக்கள் சராசரியாக ஏறத்தாழ 760,000 பேர். இத்தனை பேரையும் நேரிற் கண்டு பேச எவரால் இயலும்? செய்தித்தாளும் தொலைக்காட்சியுமே தூது செல்லவேண்டும். தூதுக்குப் பணம் வேண்டும். தொகுதி மிகப் பெரிதானால் உறுப்பினர் ஊர்நிலை அறியார் என்று எச்சரித்த மேடிசன், இச்செலவை எண்ணவில்லை.

இச்செலவுக்குப் பணம் திரட்டித் தருவனவே தேர்தல் நிதிக் குழுக்கள். தொழிற்சங்கங்கள் தேர்தலுக்கு நன்கொடை தருவதை 1943ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தபோது, தொழிற்சங்கப் பேரமைப்பு ஒன்று இதற்கெனத் தனிக்குழு கண்டது. வணிக நிறுவனங்களும் பின்னர் அவ்வழியைப் பற்றின. 1974இல் ஏறத்தாழ 600 ஆக இருந்த குழுக்கள், பத்தாண்டில் 4,000ஐ எட்டின. ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 5,000 அமெரிக்க வெள்ளி என வரம்பு இருந்தது. ஆனால் 2010இல் 'சிட்டிசன்ஸ் யுனைட்டட்' வழக்கில், வேட்பாளரைச் சாராமல் நிறுவனங்கள் தனித்துச் செய்யும் தேர்தல் செலவைத் தடுக்கலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறு தனித்துச் செலவிடும் குழுக்கள் எல்லையின்றி நன்கொடை பெறலாம் என, அதே ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறிற்று.

இதனால் முதலிரு வழிகளும் தளர்ந்தன. நிதிக் குழு பெரும்பான்மையை வெல்லவேண்டுவதில்லை. ஒரு வரிவிதியை ஆராயும் உறுப்பினர் சிலர் செவிசாய்த்தாற் போதும். பணத்திற்குத் தொலைவும் தடையன்று.

பணம் பெற்றவரெல்லாம் தம் வாக்கை விற்றார் என்று முடிவுகட்டுதல் தகாது. முன்னரே தம்மோடு ஒத்த கருத்துடையார்க்கே பல குழுக்கள் கொடுக்கின்றன. சிறுதொகை தரும் பல்லாயிரம் தொழிலாளரின் குழுவும், செல்வர் ஒருவரே நிரப்பும் குழுவும் ஒன்றாகா.

ஆதலின் மேடிசனைத் தள்ளவேண்டுவதில்லை. குழுக்கள் பலவாயின் ஒன்றையொன்று தடுக்கும் என்றார் அவர். அவற்றின் எடை ஏறத்தாழ ஒத்திருந்தாலன்றி அது பொருந்தாது. அக்கட்டுரையைக் கற்பிக்கும் ஆசிரியர், குழுக்கள் எத்தனை என்பதோடு நில்லாமல், ஒவ்வொன்றின் பின்னும் எத்தனை பேர், எவ்வளவு பணம் என்றும் மாணவரைக் கேட்கப் பழக்குதல் நன்று.